முடிவை முதலில் எழுதுங்கள்

இந்த வாரம் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்தவற்றில் பாதிக்கு மேல் இஸ்ரேல்–பாலஸ்தீனம் பற்றியவை. சினிமா கேள்விக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். சிலர் என்னைத் திட்டியிருந்தார்கள். திட்டை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

● ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவாரூர்: விவரம் தெரிந்த நாளிலிருந்து பேப்பரில் படிக்கிறேன். பேச்சுவார்த்தை, கையெழுத்து, கைகுலுக்கல், மறுபடி குண்டு. இஸ்ரேல் போட்ட சமாதானம் ஒன்றாவது நிலைத்திருக்கிறதா?

நிலைத்திருக்கிறது சார். நிலைத்துவிட்டதால்தான் பேப்பரில் வருவதில்லை. எகிப்தும் இஸ்ரேலும் 1979 மார்ச் 26-ல் போட்டுக்கொண்ட உடன்படிக்கை. அதற்கு முன்னால் 1948, 1956, 1967, 1973 என்று நான்கு பெரிய போர்கள். அதற்குப் பின்னால் இரு நாட்டுக்கும் இடையில் ஒன்றுகூட இல்லை. இடையில் என்னென்னவோ நடந்தது. கையெழுத்துப் போட்ட எகிப்து அதிபர் சதாத்தை 1981-ல் அவருடைய ராணுவத்தினரே அணிவகுப்பு மேடையில் சுட்டுக் கொன்றார்கள். இஸ்ரேல் படை லெபனானுக்குள் புகுந்தது. கெய்ரோவில் முபாரக் ஆட்சி கவிழ்ந்து முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பின் மொர்சி அதிபரானார். அவரையும் ராணுவம் இறக்கியது. பக்கத்திலேயே காஸா இரண்டு வருஷம் எரிந்தது. உடன்படிக்கை அப்படியே நிற்கிறது. இரண்டு ஜனங்களுக்கும் நடுவே பாசம் என்று எதுவும் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாசம் இல்லாமலே நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடுகிறது.

இந்த உடன்படிக்கைக்கு அடிப்படை போட 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்வு மாளிகையான கேம்ப் டேவிட்டில் 13 நாள் உட்கார்ந்தார்கள். முதல் சில நாட்களிலேயே சதாத்தும் இஸ்ரேல் பிரதமர் பெகினும் மேஜையில் போட்ட சண்டையைப் பார்த்து, இனி இவர்களை நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேச வேண்டாம் என்று அமெரிக்க அதிபர் கார்ட்டர் முடிவு செய்தார். அவரும் அவருடைய ஆட்களும் ஒரு குடிலிலிருந்து இன்னொரு குடிலுக்கு வரைவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இருபது தடவைக்கு மேல் திருத்தினார்கள். கடைசி நாள் எல்லாம் முறிந்துபோகும் நிலையில், பெகினின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்ட புகைப்படங்களைக் கார்ட்டர் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார், பெகின் நெகிழ்ந்துபோனார் என்ற கதை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் இத்தனை வருஷம் தாங்கிப் பிடித்தது அந்தப் படங்கள் அல்ல, தாளில் எழுதியிருந்த சங்கதி.

1967 போரில் இஸ்ரேல் பிடித்திருந்த சினாய் பாலைவனம் முழுவதும் திரும்ப எகிப்துக்கு. தேதியும் போட்டாகிவிட்டது: 1982 ஏப்ரல். அதாவது கதை எங்கே போய் முடியும் என்பது முதல் பக்கத்திலேயே இருந்தது. படிகள் எல்லாம் அதற்குப் பிறகு. பதிலுக்கு எகிப்து இஸ்ரேலை அங்கீகரித்தது, சூயஸ் கால்வாயில் அதன் கப்பல்களை விட்டது, சினாயில் எந்தப் பட்டையில் எத்தனை படை வைக்கலாம் என்ற வரம்புக்கு ஒத்துக்கொண்டது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பன்னாட்டுக் கண்காணிப்புப் படை. அது 1982-ல் போய் உட்கார்ந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. சினாயின் வடகோடியில் யாமித் என்றொரு குடியேற்ற ஊர், அதாவது பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர்கள் கட்டிக்கொண்ட ஊர். போக மாட்டோம் என்று கூரைமேல் ஏறி நின்றவர்களை இஸ்ரேல் ராணுவமே இறக்கி வெளியேற்றியது. வீடுகளையும் இடித்துத் தள்ளியது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் யார் தெரியுமா? அதே 1967-ல் பிடித்த மேற்குக் கரை முழுக்கக் குடியேற்றங்களை நட்ட ஏரியல் ஷரோன்.

அப்புறம் தாபா. செங்கடல் கரையில் ஒரு சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு, அதில் ஓர் ஓட்டல். எல்லைக்கல் எங்கே நின்றது என்பதில் தகராறு. துப்பாக்கியை எடுக்காமல் ஐந்து பேர் கொண்ட நடுவர் குழுவிடம் போனார்கள். 1988-ல் எகிப்து பக்கம் தீர்ப்பானது. மறு வருஷம் மார்ச்சில் இஸ்ரேல், முணுமுணுத்துக்கொண்டேதான், ஓட்டலோடு சேர்த்து ஒப்படைத்தது.

இதில் கசப்பான பாதியும் உண்டு. கேம்ப் டேவிட்டில் முடிவானவை இரண்டு ஆவணங்கள். ஒன்று சினாய் பற்றியது. இன்னொன்று மேற்குக் கரை, காஸா பற்றியது: பாலஸ்தீனர்களுக்குத் தன்னாட்சி, ஐந்து வருஷ இடைக்காலம், இறுதி நிலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம். முடிவு எழுதியிருந்த ஆவணம் பிழைத்தது. முடிவைத் தள்ளிப்போட்ட ஆவணம் செத்தது. ஒரே இடம், ஒரே வாரம், அதே மனிதர்கள்.

● கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: ஒஸ்லோ ஒப்பந்தம் ஏன் தோற்றது? எங்கள் பாடப்புத்தகத்தில் "இரு தரப்பு வன்முறையால்" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது.

அந்த ஒரு வரி தப்பில்லை அம்மா, போதாது. ஒஸ்லோ என்பது நார்வேயில் ரகசியமாகப் பேசி, இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1993-ல் செய்துகொண்ட ஒப்பந்தம்.

1993 செப்டம்பர் 13 அன்று நான் மதுரையில் ஒரு நாளிதழின் இரவுப் பணியில் இருந்தேன். வாஷிங்டனில் காலை பதினொரு மணி, நமக்கு இரவு எட்டரை. முதல் பக்கத்துக்கு நேரம் இருந்தது. ஏஜென்சிப் படம் வந்தபோது எல்லோரும் வந்து பார்த்தார்கள்: கைகளை விரித்து நிற்கும் கிளிண்டன், சிரிக்கும் பாலஸ்தீனத் தலைவர் அராஃபத், வேண்டாவெறுப்பாகக் கை நீட்டும் இஸ்ரேல் பிரதமர் ராபின். இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, அன்று ஆவணத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்த இருவருமே இல்லை என்பது பலருக்கு மறந்துபோனது. போட்டவர்கள் வெளியுறவு அமைச்சர் ஷிமோன் பெரஸும், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் மகமூத் அப்பாஸும். பிற்பாடு பாலஸ்தீன அதிபரானாரே, அதே அப்பாஸ்தான்.

நான்கு நாள் முன்னால் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் கோணல் அங்கேயே தெரியும். இஸ்ரேல் என்ற நாடு அமைதியாக வாழ உரிமை உண்டு என்று அராஃபத் எழுதிக் கொடுத்தார். பதிலுக்கு ராபின் எழுதியது, பாலஸ்தீன மக்களின் பிரதிநிதியாக உங்கள் இயக்கத்தை ஏற்கிறோம் என்று. ஒரு பக்கம் நாட்டை அங்கீகரித்தது. மறுபக்கம் பேச்சுவார்த்தைக்கு வர ஓர் ஆளை அங்கீகரித்தது. பாலஸ்தீன நாடு என்ற சொல் ஒப்பந்தத்தில் எங்கேயும் கிடையாது. ஜெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லை, பாதுகாப்பு எல்லாம் "பிறகு". 1999 மே மாதத்தோடு இடைக்காலம் முடிய வேண்டும்.

பாகப்பிரிவினை வழக்கு நடக்கும்போது பொதுநிலத்தில் ஒருவர் மட்டும் வீடு கட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? தடை உத்தரவு வாங்க ஓடுவோம். ஒஸ்லோவில் தடை உத்தரவு கிடையாது. குடியேற்றங்களை நிறுத்துவேன் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. 1993-ல் மேற்குக் கரையில் ஒரு லட்சத்துச் சொச்சம் இருந்த இஸ்ரேலியக் குடியேறிகள் 2000-ல் இரண்டு லட்சத்தை நெருங்கினார்கள். இப்போது ஏறத்தாழ ஐந்து லட்சம், கிழக்கு ஜெருசலேமைச் சேர்க்காமல். 1995-ல் வந்த இரண்டாம் ஒஸ்லோ நிலத்தை ஏ, பி, சி என்று பிரித்தது. ஒஸ்லோவால் வந்த தன்னாட்சி நிர்வாகமான பாலஸ்தீன ஆணையம் முழுதாக நிர்வகிக்கும் ஏ பகுதி இப்போது 18 சதவீதம். முழுக்க இஸ்ரேல் கையில் இருக்கும் சி பகுதி 60 சதவீதம். சில வருஷத்துக்கு என்று போட்ட பிரிவு முப்பது வருஷமாக நிற்கிறது. அந்தக் கால ஏற்பாட்டின்படி பாலஸ்தீன ஆணையத்துக்குச் சேர வேண்டிய சுங்க வரியை இன்றும் இஸ்ரேல்தான் வசூலித்துக் கொடுக்கிறது. கோபம் வந்தால் நிறுத்திவைக்கிறது. அப்போது ஆணையத்தின் தலைமையிடமான ராமல்லாவில் ஆசிரியர்களுக்கும் நர்சுகளுக்கும் சம்பளம் பாதிதான்.

வன்முறைக்கு வருகிறேன். முடிவைத் தள்ளிப்போட்டால் அந்த இடைவெளி முழுவதும் கெடுக்க நினைப்பவர்களுக்குக் கிடைத்த அவகாசம். 1994 பிப்ரவரியில் ஹெப்ரானில் தொழுகையில் இருந்த 29 பேரை பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேறி சுட்டுக் கொன்றான். அதே வருஷம் ஹமாஸின் தற்கொலைக் குண்டுகள் இஸ்ரேலியப் பேருந்துகளில் வெடிக்கத் தொடங்கின. 1995 நவம்பர் 4-ல் டெல் அவிவில் சமாதானக் கூட்டம் முடிந்து காருக்கு வந்த ராபினை யிகல் அமீர் என்ற யூத இளைஞன் சுட்டான். 1996 பிப்ரவரி, மார்ச்சில் மறுபடி பேருந்துக் குண்டுகள். மே மாதப் பிரதமர் தேர்தலில் நெதன்யாகு ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்து வந்தார். அவர் ஒஸ்லோவைத் தேர்தலிலேயே எதிர்த்தவர்.

● வியாபாரி, கோயம்புத்தூர்: 2000-ல் எல்லாம் கொடுக்கிறோம் என்று இஸ்ரேல் சொன்னது, அராஃபத் தட்டிக்கழித்தார். கொடுத்தும் வாங்காதவர்களை என்ன செய்வது?

"எல்லாம்" என்பதில்தான் சிக்கல் ஐயா. 2000 ஜூலையில் கேம்ப் டேவிட்டில் இஸ்ரேல் பிரதமர் பராக் தருவதாகச் சொன்னது எழுத்தில் கொடுக்கப்படவில்லை. அமெரிக்கர்கள் வாய்மொழியாகக் கொண்டுபோனார்கள். அதற்கு முன் எந்த இஸ்ரேலியப் பிரதமரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை என்பது உண்மை. ஜெருசலேமில் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் புனிதமான அல் அக்ஸா வளாகத்தின் இறையாண்மையை விட்டுத்தரும்படியான ஒரு தாளில் எந்தப் பாலஸ்தீனத் தலைவராலும் கையெழுத்துப் போட முடியாது என்பதும் உண்மை. அராஃபத் தன் பக்கத்திலிருந்து எதிர்த் திட்டம் என்று ஒன்றை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அது அவர் தவறு.

ஆனால் கதை ஜூலையோடு முடியவில்லை. டிசம்பர் 23-ல் கிளிண்டன் ஓர் அளவுகோலைப் படித்துக் காட்டினார்: மேற்குக் கரையில் 94 முதல் 96 சதவீதம் பாலஸ்தீனத்துக்கு, மீதிக்கு ஈடாகக் கொஞ்சம் நிலமாற்று, ஜெருசலேமில் அரபுப் பகுதிகள் அவர்களுக்கு, யூதப் பகுதிகள் இவர்களுக்கு. இரு தரப்பும் "சரி, ஆனால்" என்றன. 2001 ஜனவரியில் தாபாவில் (ஆமாம், அந்த ஓட்டல் தாபாதான்) உட்கார்ந்து இன்னும் நெருங்கினார்கள். அதற்குள் கிளிண்டன் வீட்டுக்குப் போயாயிற்று. பிப்ரவரியில் பராக் தோற்று ஷரோன் வந்தார். வெளியே இரண்டாவது இன்திஃபாதா, அதாவது பாலஸ்தீனர்களின் எழுச்சி. சுமார் 3,000 பாலஸ்தீனர்களும் 1,000 இஸ்ரேலியர்களும் அதில் செத்தார்கள். சமாதானத்துக்கு ஓட்டுப் போட்ட இஸ்ரேலிய நடுத்தர வர்க்கம் அந்தக் குண்டுகளுக்குப் பிறகு இன்றுவரை திரும்பி வரவில்லை.

2008 செப்டம்பரில் இன்னொரு முறை. பிரதமர் ஒல்மெர்ட் ஒரு வரைபடத்தை விரித்து அப்பாஸுக்குக் காட்டினார். கையெழுத்துப் போட்டால்தான் வரைபடத்தைத் தருவேன் என்றார். அப்பாஸ் வெளியே வந்து நினைவிலிருந்து தாளில் கிறுக்கிக்கொண்டார். ஊழல் விசாரணையில் சிக்கியிருந்த ஒல்மெர்ட் அந்த மாதமே ராஜினாமா செய்தார். ஒரு நாட்டின் எல்லையை நினைவிலிருந்து கிறுக்கும் நிலையில் வைத்துப் பேரம் பேசினால் அது எங்கே போகும்?

● வாசகர், தஞ்சாவூர்: நெதன்யாகு இருக்கும்வரை அமைதி வருமா?
● வாசகர், ஓசூர்: ஹமாஸ் இருக்கும்வரை அமைதி வருமா?

உங்கள் இருவருக்கும் ஒரே பதில்தான்: அந்த இருவரும் இத்தனை காலம் ஒருவரால் ஒருவர் வாழ்ந்திருக்கிறார்கள். பேருந்துக் குண்டு நெதன்யாகுவை ஆட்சிக்குக் கொண்டுவந்ததைச் சொன்னேன். பின்னாளில் கத்தார் பணம் ரொக்கமாகப் பெட்டிகளில் காஸாவுக்குப் போக அனுமதித்தது நெதன்யாகு அரசு. ராமல்லாவில் அப்பாஸின் தலைமை, காஸாவில் ஹமாஸின் தலைமை என்று இருந்தால் "பேச ஆளில்லை" என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸும் கூட இருந்தவர்களும் சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைப் பிடித்துப் போனார்கள். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் சாதாரண ஜனங்கள். அதற்குப் பிறகு காஸாவில் இஸ்ரேல் நடத்திய போரில், இரண்டு வருஷம் கழித்துப் போர் நிறுத்தம் வந்தபோது, அங்குள்ள சுகாதார அமைச்சகக் கணக்கில் இறந்தவர்கள் 67,000-க்கும் மேல். 2025 ஆகஸ்டில் காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற நிபுணர் குழு அறிவித்தது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நியாயப்படுத்தும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அவற்றைப் பிரசுரிப்பதில்லை.

ஆயுதம் ஏந்தியவர்கள் ஒரு நாள் மேஜைக்கு வருவது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜ் மிட்செல் வட அயர்லாந்தில் 1998-ல் புனித வெள்ளி ஒப்பந்தத்தை முடித்துவைத்தார். அங்கே ஆயுதம் ஏந்திப் போராடிய ஐ.ஆர்.ஏ. இயக்கம் ஆயுதங்களை முழுதாக ஒழித்தது 2005-ல். அதாவது ஏழு வருஷம் கழித்து. அரசியல் வழி என்ன என்பது முதலில் எழுதப்பட்டது. துப்பாக்கி பின்னால் போனது. அதே மிட்செலை ஒபாமா 2009-ல் ஜெருசலேமுக்கு அனுப்பினார். இரண்டு வருஷம் அலைந்துவிட்டு 2011-ல் விட்டுவிட்டுப் போனார். மனிதர் அதே மனிதர்தான். இங்கே குடியேற்றத்தை நிறுத்தச் சொல்லும் அழுத்தத்தைக் கடைசிவரை கொடுக்க அவருக்குப் பின்னால் வாஷிங்டன் நிற்கவில்லை.

● வாசகி, டொராண்டோ (சொந்த ஊர் யாழ்ப்பாணம்): ஒஸ்லோவை முடித்த அதே நார்வேதான் எங்களிடமும் வந்தது. இரண்டு இடத்திலும் முடிவு நாசம். நடுவர்களைக் குறை சொல்லலாமா?

நீங்கள் பட்டவர், நான் பேப்பரில் படித்தவன். அதனால் அளந்தே சொல்கிறேன் அக்கா. நார்வேக்கு இரண்டு இடத்திலும் ஒரே பலம், ஒரே பலவீனம். பலம், யாருக்கும் பயமில்லாத சின்ன நாடு. இரு தரப்பும் ரகசியமாக வந்து உட்காரும். பலவீனம், சொன்னதைச் செய்யாதவனை உலுக்கும் கை அதற்குக் கிடையாது. 2002 பிப்ரவரியில் இலங்கையில் வந்த போர் நிறுத்தத்திலும் முதலில் துப்பாக்கி நிற்கட்டும், அரசியல் தீர்வு பிறகு என்றுதான் தொடங்கினார்கள். அந்த டிசம்பரில் ஒஸ்லோவில் கூட்டாட்சி அமைப்பை ஆராய்வதாக இரு தரப்பும் சொன்னது நினைவிருக்கும். 2003 ஏப்ரலில் பேச்சு நின்றுபோனது. அதற்குமேல் ஒப்பிட்டால் இரண்டு கதைகளுக்கும் நியாயம் செய்ததாகாது.

● ரயில்வே ஊழியர், அரக்கோணம்: இந்தியா யார் பக்கம்?

நாளைப் பொறுத்தது. 1947-ல் பாலஸ்தீனப் பிரிவினைக்கு எதிராக ஐ.நா.வில் ஓட்டுப் போட்ட 13 நாடுகளில் நாமும் ஒன்று. கூட்டாட்சியாக ஒரே நாடு என்பது நம் யோசனை. 1950-ல் இஸ்ரேலை அங்கீகரித்தோம், ஆனால் முழுத் தூதரக உறவு 1992-ல்தான். பாலஸ்தீன நாட்டை 1988-லேயே அங்கீகரித்தோம். இன்று இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் நாம். 2025 செப்டம்பரில் இரு நாட்டுத் தீர்வுக்கான ஐ.நா. தீர்மானத்துக்கு ஆதரவாகவும் ஓட்டுப் போட்டோம். 1967 போர் வெடித்தபோது காஸாவில் இருந்த ஐ.நா. அமைதிப்படையின் தளபதி இந்தர்ஜித் ரிக்யே என்ற இந்தியர். அந்தப் படையில் இருந்த நம் சிப்பாய்கள் சிலர் அங்கேயே இறந்தார்கள். இது பலருக்குத் தெரியாது.

● இல்லத்தரசி, தூத்துக்குடி: புனிதப் பயணத்துக்குப் பதிவு செய்திருந்தோம், ரத்தாகிவிட்டது. ஜெருசலேமை எப்படிப் பிரிக்க முடியும்?

மனைவியின் ஆசைக்காக ஒரு யாத்திரைக் குழுவோடு நானும் போயிருக்கிறேன். பழைய நகரம் மொத்தமே ஒரு சதுர கிலோமீட்டருக்குள். இயேசுவின் கல்லறைத் தேவாலயத்தில் ஆறு கிறிஸ்தவ சபைகளுக்கு உரிமை உண்டு. எந்தப் படியை யார் கூட்டுவது என்பதில்கூடச் சண்டை போட்டிருக்கிறார்கள். வாசலுக்கு மேலே ஜன்னல் விளிம்பில் ஒரு மர ஏணி சாய்ந்து நிற்கும். யார் எடுப்பது என்பதற்கு ஒப்புதல் இல்லாததால் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிறது. கோவில் கதவின் சாவியோ இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் பொறுப்பில். ஜூதே குடும்பம் சாவியை வைத்திருக்கும், நுசைபே குடும்பம் வந்து திறக்கும். எங்கள் குழுவில் வந்த பாட்டி ஒருவர் இதைக் கேட்டு, "அப்போ ரெண்டு வீட்டுக்காரங்களும் கோவிச்சுக்கிட்டா பூசை இல்லையா?" என்றார். வழிகாட்டிக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

அல் அக்ஸா வளாகத்திலும் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. 1967-ல் பிடித்த கையோடு மோஷே தயான் அதன் நிர்வாகத்தை ஜோர்டான் சார்ந்த வக்ஃபிடமே விட்டார். யூதர்கள் வந்து பார்க்கலாம், தொழக் கூடாது. அந்த ஏற்பாட்டை அரிக்கும்போதெல்லாம் ரத்தம் சிந்தியிருக்கிறது. 2000 செப்டம்பரில் ஷரோன் அங்கே போய்வந்தது ஓர் உதாரணம். ஆகவே நகரத்தை வெட்ட வேண்டியதில்லை அம்மா. குடியிருப்புகள் யார் வசம் என்பதை எழுதலாம், புனித இடங்களில் இருப்பதை இருக்கிறபடி எழுதலாம், தெருக்களைத் திறந்து வைக்கலாம். கிளிண்டன் அளவுகோலே கிட்டத்தட்ட அதுதான்.

● பொறியியல் மாணவர், சேலம்: இரண்டு நாடு எதற்கு? ஒரே நாடு, எல்லோருக்கும் ஓட்டு. முடிந்தது வேலை.

காதுக்கு இனிமையாக இருக்கிறது தம்பி. ஜோர்டான் நதிக்கும் கடலுக்கும் இடையில் யூதர்கள் சுமார் 70 லட்சம், பாலஸ்தீனர்களும் ஏறத்தாழ அவ்வளவே. முதல் தேர்தலில் யார் முதல்வர், எவன் காவல்துறையை வைத்துக்கொள்வது? துரத்தப்பட்டு வந்து ஒரு நாடு கட்டியவர்கள் அதைச் சிறுபான்மையாகும் அபாயத்தில் வைக்க மாட்டார்கள். 1948-ல் ஏழு லட்சம் பேராக வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள், கொடியில்லாமல் இன்னொருவர் நாட்டில் குடிமகனாவதை விடுதலை என்று ஏற்க மாட்டார்கள். நடுவழி ஒன்று பேசப்படுகிறது: இரண்டு நாடுகள், திறந்த எல்லை, ஒரு நாட்டுக் குடிமகன் மற்றதில் வசிக்கும் உரிமை. "அனைவருக்கும் ஒரு நிலம்" என்ற இஸ்ரேலிய–பாலஸ்தீனக் குழு இதை வரைந்து வைத்திருக்கிறது. குடியேறிகளில் ஒரு பகுதியை எழுப்பாமலே தீர்க்க வழி இருக்கிறதா என்று பார்க்க இது உதவும். எனக்கு இதில் கொஞ்சம் நம்பிக்கை உண்டு, அதிகம் இல்லை.

● கட்டுமான மேற்பார்வையாளர், சிங்கப்பூர்: காஸா போரை நிறுத்திய ட்ரம்ப்பின் 20 அம்சத் திட்டம் நிலைக்குமா?

போர் நின்றதும், 2025 அக்டோபர் 13-ல் உயிரோடு இருந்த 20 பணயக் கைதிகள் வீடு திரும்பியதும், பதிலுக்குப் பாலஸ்தீனக் கைதிகள் ஏறத்தாழ 2,000 பேர் வெளியே வந்ததும் பெரிய விஷயம். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நவம்பர் 17-ல் ஐ.நா. பாதுகாப்பு சபையும் 2803-ஆம் தீர்மானமாக அந்தத் திட்டத்துக்கு முத்திரை குத்தியது. பன்னாட்டுப் படை, மறுகட்டுமானம், அமைதி வாரியம் எல்லாம் விவரமாக இருக்கிறது. பாலஸ்தீன நாடு எங்கே இருக்கிறது? சீர்திருத்தம் எல்லாம் முடிந்து, கட்டுமானமும் முன்னேறிய பிறகு, அதற்கான வழி "உருவாகக்கூடும்" என்ற அளவில் இருக்கிறது. கேம்ப் டேவிட்டின் இரண்டாம் ஆவணத்தையும் ஒஸ்லோவையும் படித்தவனுக்கு இந்த வாசனை தெரியும். அதே 2025 ஆகஸ்டில் ஜெருசலேமுக்குக் கிழக்கே ஈ-1 என்ற இடத்தில் சுமார் 3,400 வீடுகளுக்கு இஸ்ரேல் அனுமதி கொடுத்தது. மேற்குக் கரையின் வடக்கையும் தெற்கையும் பிளக்கும் இடம் அது.

● பள்ளி மாணவி, நாமக்கல்: அங்கே சாதாரண ஜனங்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லையா?

பேசுகிறார்கள் கண்ணு. ராமி எல்ஹனான் என்ற இஸ்ரேலியரின் மகள் ஸ்மதார், 1997-ல் ஜெருசலேம் கடைத்தெருவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் இறந்தாள். பாஸம் அராமின் என்ற பாலஸ்தீனரின் பத்து வயது மகள் அபீரை 2007-ல் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எல்லைக் காவலரின் ரப்பர் குண்டு கொன்றது. இரண்டு அப்பாக்களும் நண்பர்கள். இப்படிப் பிள்ளைகளை, உறவுகளை இழந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்த அமைப்பில் இருந்துகொண்டு பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுகிறார்கள். விவியன் சில்வர் என்றொரு பெண்மணி, காஸாவிலிருந்து வரும் நோயாளிகளைச் சோதனைச் சாவடியில் ஏற்றி இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்குத் தன் காரில் கொண்டுபோய் விடுவார். அக்டோபர் 7-ல் பெஎரி கிராமத்தில் அவர் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அந்தக் கார் சேவையை மேற்குக் கரை நோயாளிகளுக்காக இன்னும் பலர் நடத்துகிறார்கள். இவர்களால் நாளைக்கே சமாதானம் வந்துவிடாது. வந்தால் அதை நடத்த ஆட்கள் வேண்டுமே, அவர்கள் இவர்கள்தான்.

● வங்கி அதிகாரி (ஓய்வு), கும்பகோணம்: எல்லோரையும் குறை சொல்கிறீர்கள். பேனா உங்கள் கையில் இருந்தால் முதல் வரி என்ன?

எல்லை. 1967 போருக்கு முந்தைய நாளான ஜூன் 4-ல் இருந்த கோடு, அதில் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் சமமான நிலமாற்று. பெரிய குடியேற்றங்கள் சில அதில் இஸ்ரேலோடு போகும். இரண்டாவது வரி, தேதி. சினாய்க்கு மூன்று வருஷம் பிடித்தது. இங்கே ஐந்து எடுத்துக்கொள்ளட்டும். மூன்றாவது வரி, கையெழுத்தான நிமிஷத்திலிருந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது, இந்தப் பக்கம் ஒரு ராக்கெட்கூட வரக் கூடாது. இரண்டையும் பார்க்க, சினாயில் இருப்பதுபோல வெளிநாட்டுப் படை. இஸ்ரேலியர்களின் பயம் பொய்யல்ல. 2005-ல் காஸாவிலிருந்து யாரோடும் ஒப்பந்தமில்லாமல் தாங்களாக வெளியேறினார்கள், இரண்டு வருஷத்தில் அங்கே ஹமாஸ் உட்கார்ந்தது. அதனால்தான் ஒப்பந்தத்தோடு, கண்காணிப்போடு என்கிறேன்.

அகதிகள் விஷயம்தான் கடினம். ஐ.நா. நிவாரண முகமையில் பதிவானவர்கள் 59 லட்சம் பேர். தாபாவில் 2001-ல் பேசியபோதே வழிகளை வரிசைப்படுத்தினார்கள்: பாலஸ்தீன நாட்டுக்குத் திரும்புவது, இருக்கும் நாட்டிலேயே குடியுரிமை, மூன்றாவது நாடு, ஒரு எண்ணிக்கைக்கு உட்பட்டு இஸ்ரேலுக்கு, எல்லோருக்கும் நஷ்ட ஈடு. அதற்கு முன்னால் 1948-ல் நடந்தது நடந்தது என்று இஸ்ரேல் ஒரு வாக்கியம் எழுத வேண்டியிருக்கும். அந்த வாக்கியம் வீடுகளைவிட விலை கூடியது என்று நினைக்கிறேன். இவ்வளவும் செய்தால் அரபு நாடுகள் எல்லாம் இஸ்ரேலோடு சகஜ உறவு கொள்ளும் என்று 2002 மார்ச்சில் பெய்ரூட்டில் சவுதி முன்னின்று எழுதிக் கொடுத்த வாக்குறுதி இருக்கிறது. அது வந்த தருணத்தில்தான் இஸ்ரேலின் நெதன்யா நகரில் யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தில் ஹமாஸ் குண்டு வெடித்து 30 பேர் செத்தார்கள். தாளை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. வாக்குறுதி வாபஸ் ஆகவில்லை.

கையெழுத்துப் போட ஆள் வேண்டும், அதுதான் இப்போதைய முட்டுக்கட்டை. இஸ்ரேலில் ஆள் மாறத் தேர்தல் அடிக்கடி வரும். பாலஸ்தீனப் பக்கம் கடைசியாக நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது 2006-ல். அப்பாஸ் அதிபரானது 2005 ஜனவரியில், நான்கு வருஷப் பதவிக்கு.